பழங்குடி மொழிகளின் ஆவணம் யாருக்குச் சொந்தம்?

(உலகப் பழங்குடி மக்கள் நாளையொட்டி நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'பழங்குடி மொழிகளை ஆவணப்படுத்தலும் மீட்டெடுத்தலும்'. இந்த இரண்டு சொற்களையும் நாம் எப்போதும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு மொழிக்கு இலக்கணம் எழுதி, அகராதி போட்டு, நாலு பாட்டைப் பதிவு செய்து நூலகத்தில் வைத்துவிட்டால் அந்த மொழி பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். அரசும் அப்படித்தான் நினைக்கிறது.

நம் பக்கத்திலேயே நீலகிரி இருக்கிறது. உலகில் மிக நுட்பமாக ஆராயப்பட்ட சிறிய மொழிகள் என்று பட்டியல் போட்டால் அதில் தோடர் மொழியும் கோத்தர் மொழியும் கட்டாயம் இருக்கும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மக்களைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டுக் குழந்தை பள்ளிக்கூடம் போனால் அவளுக்காகக் காத்திருப்பது தமிழும் ஆங்கிலமும்தான். ஆவணம் மலைபோல் குவிந்திருக்கிறது. பேசும் இடமோ வீட்டுக்குள்ளும் சடங்குக்குள்ளும் சுருங்கிக்கொண்டே வருகிறது. இது எப்படி நடந்தது? இதுதான் இன்று நான் பேச வந்தது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆவணம் யாருடைய கேள்விக்குப் பதிலாக எழுதப்பட்டதோ அவர்களுக்குத்தான் அது முதலில் பயன்படும். கேள்வி கேட்கிறவர் மாறாமல் மொழி மீளாது.

நான் பழங்குடி இல்லை. சேரியில் பிறந்தவன். என் மொழி தமிழ்தான். ஆனாலும் எங்கள் தெருவில் பேசிய தமிழைப் பள்ளியில் பேசியபோது, "இது சேரிப் பேச்சு, நல்ல தமிழில் பேசு" என்று வகுப்பு முழுக்கச் சிரிக்க வைத்த ஆசிரியர் எனக்கும் இருந்தார். அன்றிலிருந்து அந்தப் பள்ளியில் நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பையனானேன். ஒரு மனிதனைத் தாழ்த்த அவன் பேச்சைத் தாழ்த்தினால் போதும் என்பது சாதிக்கு நன்றாகத் தெரியும். பழங்குடி மொழிகள் விஷயத்தில் நடப்பதும் இதுதான், அளவுதான் பெரிது. அதனால்தான் சாதி ஒழிப்பு மேடையில் இதைப் பேசுவது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

கால்டுவெல்லில் தொடங்குகிறேன். திராவிட மொழிக் குடும்பம் என்று நாம் பெருமையோடு சொல்வதற்கு அடித்தளம் போட்ட நூல் அவருடைய ஒப்பிலக்கணம். முதல் பதிப்பு 1856, விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875. அந்த நூலில் திராவிட மொழிகளை அவர் இரண்டு வரிசையில் நிறுத்துகிறார். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகியவை பண்பட்ட மொழிகள். தோடர், கோத்தர், கோண்டு முதலியவை பண்படாத மொழிகள். எழுத்தும் இலக்கியமும் உண்டா என்பதுதான் அவர் அளவுகோல். ஆனால் இந்த நாட்டில் 'பண்பட்டது', 'பண்படாதது' என்று எதைப் பிரித்தாலும் அது மேல், கீழ் என்றுதான் மனதில் இறங்கும். மொழிகளுக்கும் ஒரு ஊர், ஒரு காலனி அமைந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியைத் திறந்து பாருங்கள். பதிவுக்குப் பதிவு தமிழ், மலையாளச் சொற்களை அடுத்துக் கோத்தர் சொல்லும் தோடர் சொல்லும் சாட்சியாக நிற்கும். தொல்காப்பியம் ற என்னும் எழுத்துக்குத் தனி ஒலி சொல்கிறது. த-வும் இல்லாமல் ட-வும் இல்லாமல் நாக்கு நுனி மேல்பல் ஈறுக்குச் சற்றுப் பின்னால் பட்டுப் பிறக்கும் வல்லொலி அது. இன்று நம்மில் பலருடைய பேச்சில் அது தேய்ந்து, 'காற்று' என்பது 'காத்து' ஆகிவிட்டது. த, ற, ட மூன்றையும் தனித்தனி வல்லொலியாக இன்றும் வைத்திருக்கும் மொழிகளில் தோடரும் கோத்தரும் இருளரும் உண்டு. தமிழின் தொன்மைக்குச் சாட்சி சொல்லக் கூப்பிடும்போது அந்த மொழிகள் வேண்டும். பந்தி போடும்போது மட்டும் அவற்றுக்கு இலை இல்லை.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2011 கணக்கில் இந்தி பேசுவோர் ஏறத்தாழ 52 கோடியே 80 லட்சம் என்று காட்டினார்கள். அதற்குள் போஜ்புரி உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் அடைக்கப்பட்டிருக்கின்றன. போஜ்புரி பேசுவோர் மட்டும் 5 கோடிப் பேர். இந்தியின் கணக்கை இப்படி ஊதிப் பெருக்குகிறார்கள் என்று நாம் சரியாகவே எதிர்க்கிறோம். ஆனால் அதே கணக்கெடுப்பில் இருளர் மொழி எங்கே இருக்கிறது? தமிழ் என்ற தலைப்புக்குள் இருக்கிறது. எருகுலா மொழியும் தமிழுக்குள்தான். படகர் மொழியும் குறும்பர் மொழியும் கன்னடத்துக்குள். இருளர் மொழியை ஆராய்ந்த டிஃப்லாத் 1968இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு வைத்த தலைப்பே அதைத் தமிழின் நெருங்கிய உறவு என்றுதான் சொல்கிறது. 1973இல் கமில் சுவலபில் அதைத் தனி மொழியாகவே விவரித்து நூல் எழுதினார். அண்ணனும் தம்பியும் உறவு என்றால் தம்பிக்குப் பெயரே வேண்டாம் என்றாகிவிடுமா?

தோடர், கோத்தர் நிலை இன்னும் மோசம். 1971 கணக்கெடுப்பிலிருந்து 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளின் பெயரை வெளியிடுவதில்லை. 'பிற' என்று போட்டுவிடுகிறார்கள். தோடர்கள் இரண்டாயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். கோத்தர்களும் ஏழு ஊர்களில் வாழும் சிறிய சமூகம். அவர்கள் எல்லோரும், பிறந்த குழந்தை முதல் கிழவி வரை, தங்கள் மொழியைப் பேசினாலும் அரசின் பட்டியலில் அந்த மொழிக்குப் பெயர் வராது. மொழி அழிகிறது என்கிறோம். பட்டியலில் அது அழிந்து ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன.

இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை சென்ற மண் இது. அந்தப் போராட்டத்தின் நியாயம் என்ன? பெரிய மொழி என்பதாலேயே ஒரு மொழி இன்னொன்றை விழுங்கக் கூடாது என்பதுதான். அந்த நியாயம் விந்திய மலையோடு நின்றுவிடுமா? மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும்போதும் அது நம்மோடு வர வேண்டாமா? இருளர் குழந்தையிடம் "இதெல்லாம் கொச்சைத் தமிழ், சரியாகப் பேசு" என்று சொல்லும்போது அந்தக் குழந்தைக்கு நாம் யார்? தமிழ் உணர்வாளர்கள் கோபப்படாமல் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

இனி ஆவணத்துக்கு வருகிறேன். ஒரு சமூகத்தின் பேச்சை எழுதி வைப்பது எப்போதும் நல்ல காரியம் என்று எண்ண வேண்டாம். 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்த பிறகு, குறவர் போன்ற சமூகங்களின் பேச்சைக் காவல்துறைக்காகவே தொகுத்தார்கள். தாயும் பிள்ளையும் பேசுகிற மொழி, அந்தக் கையேடுகளில் திருடர்களின் குழூஉக்குறி ஆனது. சொல்லும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது, ஆவணம்தான். எதற்கு? அடுத்த முறை பிடித்துப் போவதற்கு.

அடுத்தது ரிவர்ஸ். 1902இல் தோடர்களிடம் வந்து சில மாதங்கள் தங்கி 1906இல் பெரிய நூல் எழுதினார். மானுடவியலில் அது முன்னோடி நூல். எருமைப் பால்மனைச் சடங்குகளையும் அங்கே சொல்லும் மந்திரங்களையும் துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொண்டார். அவருக்குத் தகவல் சொன்னவர்களின் வீடுகளில் அடுத்தடுத்துத் துன்பங்கள் நேர்ந்தன. வெளியாருக்குச் சொல்லக் கூடாததைச் சொன்னதால் வந்த தெய்வக் கோபம் என்று குறி சொல்பவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு தகவல் கிடைப்பது வற்றிப்போனதை ரிவர்ஸே பதிவு செய்கிறார். தெய்வக் கோபத்தை நாம் நம்ப வேண்டியதில்லை. பகுத்தறிவாளர்களும் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'இதைச் சொல்லலாம், இதைச் சொல்லக் கூடாது' என்ற வரம்பு அந்த மக்களிடம் இருந்தது. அந்த வரம்பை மதிக்காமல் எடுத்தது இன்று உலகம் முழுக்க நூலகங்களில் இருக்கிறது. இழப்பு மட்டும் அவர்களுடையது.

மூன்றாவதாக ஒரு மனிதர். அவர் பெயரை இந்த மேடையில் உரக்கச் சொல்ல விரும்புகிறேன். சுல்லி. கோத்தர் சமூகத்தைச் சேர்ந்தவர், பள்ளி ஆசிரியர்.

எமனோ என்ற மொழியியலாளர் 1935இல் இந்தியா வந்து மூன்று ஆண்டுகள் இருந்தார். 1944 முதல் 1946 வரை 'கோத்தர் பனுவல்கள்' என்று நான்கு பகுதிகள் வெளியிட்டார். கோத்தர் மொழிக்கு உலக அரங்கில் இடம் தந்த நூல் அது. அதிலுள்ள கதைகளை அநேகமாக முழுவதும் சொல்லச் சொல்ல எழுத வைத்தவர் சுல்லி. அதே காலத்தில் கோத்தர்களிடையே ஆய்வு செய்த மாண்டல்பாம் என்ற மானுடவியலாளருக்கும் அவர்தான் முதன்மைத் துணை. மாண்டல்பாம் பிற்பாடு சுல்லியைத் தன் மக்களின் சீர்திருத்தக்காரர் என்றே அழைத்துத் தனிக் கட்டுரை எழுதினார்.

கோத்தர்கள் யார்? கொல்லர், தச்சர், குயவர், இசைக்கலைஞர். மலையின் மற்றச் சமூகங்களுக்குக் கத்தியும் பானையும் செய்து கொடுத்தவர்கள், அவர்கள் வீட்டுச் சாவுக்கு வாசித்தவர்கள். செத்த மாட்டைத் தின்கிறவர்கள் என்று சொல்லி அக்கம்பக்கத்தார் அவர்களைத் தாழ்வாக நடத்தினார்கள். கேட்ட கதை மாதிரி இருக்கிறதா தோழர்களே? சுல்லி தன் முடியை வெட்டிக்கொண்டார், பெரியவர்களின் எதிர்ப்பையும் மீறி. மற்றவர்கள் நம்மை இழிவாகப் பார்க்கக் காரணமாகச் சொல்லும் வழக்கங்களை விட்டொழிப்போம் என்று தன் மக்களிடம் வாதாடினார். இழவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நம் தாத்தாக்கள் சொன்ன காலத்திலேயே அந்த மலையில் ஒருவர் அதே திசையில் நடந்திருக்கிறார்.

அந்த மனிதர் சொன்ன சொற்கள்தான் அந்த நூல். ஆனால் மொழியியல் வகுப்பில் அவருக்குப் பெயர் 'தகவலாளி'. தகவல் தந்தவர். நிலம் உழுதவனுக்குப் பெயர் கூலியாள், பட்டா வேறு பெயரில், என்பது போலத்தான் இதுவும். எமனோவின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் காது கூர்மையானது, நேர்மையாக எழுதினார், சுல்லியின் பங்கை மறைக்கவும் இல்லை. ஆனால் கேள்விகள் அவருடையவை. திராவிட மொழிகளின் பழைய வடிவம் என்ன, ஒலி எப்படி மாறியது, கதையின் அமைப்பு என்ன என்று உலக மொழியியல் கேட்ட கேள்விகளுக்குக் கோத்தர் மொழி பதில் சொன்னது. நாளை நம் பிள்ளை இதைப் பேசுமா என்ற கேள்வியை அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.

இதனால் என்ன குறை வந்தது என்று கேட்கலாம். மொழியியலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. இலக்கணம் ஒன்று, அகராதி ஒன்று, பனுவல் தொகுப்பு ஒன்று; மூன்றும் இருந்தால் மொழி ஆவணமாகிவிட்டது. பனுவல் என்றால் பெரும்பாலும் பழங்கதை. பழங்கதையில் யார் வருவார்கள்? 'அவன் போனான், அவள் வந்தாள், எருமை செத்தது.' எல்லாம் படர்க்கை, எல்லாம் இறந்தகாலம். இதை வைத்துக்கொண்டு ஒரு தாய் தன் குழந்தையோடு பேச முடியுமா? குழந்தையிடம் நாம் என்ன பேசுகிறோம்? "வாடா தங்கம், வாயைத் திற, துப்பாதே, அங்கே போகாதே விழுந்துடுவே, யார் அடிச்சா, தூக்கம் வருதா?" எல்லாம் முன்னிலை, ஏவல், கேள்வி, கொஞ்சல், திட்டு. இவற்றைப் பதிவு செய்யாத ஆவணம் மொழியியலாளருக்கு நிறைவானது. பாட்டியை இழந்த வீட்டில் மொழியைத் திரும்பக் கொண்டுவர நினைக்கும் இளம் தாய்க்கு அது பாதிதான் கைகொடுக்கும்.

எமனோவின் 'தோடர் பாடல்கள்' 1971இல் வந்தது, ஏறத்தாழ ஆயிரம் பக்கம். தோடர் பாட்டின் செறிவைப் பார்த்து உலகம் வியந்தது. வியக்கட்டும். ஆனால் ஆங்கிலத்தில், மொழியியல் குறியீட்டு எழுத்தில் இருக்கும் அந்த நூலை ஒரு தோடர் வீட்டுப் பெண் பிரித்துத் தன் பாட்டனின் பாட்டை வாசிக்க வேண்டுமானால், அதற்கு முன் அவள் மொழியியல் பட்டம் வாங்க வேண்டும்.

இப்போது உங்களைக் கடல் கடந்து கூட்டிப்போகிறேன். எமனோவே வழி காட்டுகிறார். நீலகிரியிலிருந்து திரும்பிய அவர் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1950களின் தொடக்கத்தில் மேரி ஹாஸ் என்பவரோடு சேர்ந்து, கலிபோர்னியப் பூர்வகுடி மொழிகளை ஆவணப்படுத்தும் ஒரு பெரும் திட்டத்தை அங்கே உருவாக்கினார். ஐரோப்பியர் வருவதற்கு முன் ஏறத்தாழ 90 மொழிகள் பேசிய நிலம் அது. கிறித்தவ மிஷன்கள், 1849இன் தங்க வேட்டை, அதையொட்டி நடந்த படுகொலைகள், பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டுபோய்த் தாய்மொழி பேசினால் அடித்த விடுதிப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து அவற்றை ஒழித்துக் கட்டின. மிஞ்சிய முதியவர்களின் பேச்சை மாணவர்கள் ஆண்டாண்டாகப் பதிவு செய்து பெர்க்லி ஆவணக் காப்பகத்தில் சேர்த்தார்கள். நோக்கம் அங்கேயும் முதலில் அறிவியல்தான்.

1990களில் நிலைமை மாறியது. யார் மாற்றினார்கள்? அந்தப் பூர்வகுடிகளின் பேரப்பிள்ளைகள். தங்கள் மொழிகளைத் தாங்களே காக்க அமைப்புக் கட்டினார்கள். லியேன் ஹின்டன் போன்ற மொழியியலாளர்கள் அவர்களோடு நின்றார்கள். 'உயிர்மூச்சு' என்று பொருள்படும் பெயரில் பயிலரங்கு தொடங்கினார்கள். மொழியைப் பேச ஒருவரும் மிஞ்சாத சமூகத்தின் ஆட்கள் ஒரு வாரம் பெர்க்லிக்கு வருவார்கள். தங்கள் பாட்டியின் குரல் இருக்கும் நாடாவைக் கேட்பார்கள், கையெழுத்துக் குறிப்பேட்டைப் புரட்டுவார்கள், அந்தக் குறியீடுகளை வாசிக்கக் கற்பார்கள். வாரக் கடைசியில் ஒவ்வொருவரும் தங்கள் மொழியில் எதையாவது செய்து காட்ட வேண்டும். ஒரு தாலாட்டாக இருக்கலாம், ஒரு வேண்டுதலாக இருக்கலாம், ஒரு நகைச்சுவையாகக்கூட இருக்கலாம்.

அங்கே வந்தவர்களில் முட்சுன் மக்களும் உண்டு. அந்த மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் அசென்சியோன் சோலோர்சானோ என்ற மூதாட்டி. 1930இல் இறந்தார். சாவதற்கு முன்னான மாதங்களில் ஹாரிங்டன் என்ற ஆய்வாளர் அவரிடம் கேட்டுக் கேட்டு ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதினார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குறிப்புகள் அந்த மக்களுக்குப் பெரிதாகப் பயன்படாமல் கிடந்தன. பிறகு முட்சுன் பெண்கள் அவற்றை எடுத்தார்கள். மொழியியலாளர்களோடு சேர்ந்து, சாதாரண விசைப்பலகையில் அடிக்கக்கூடிய எழுத்துமுறையை முடிவு செய்தார்கள். டாக்டர் சூஸின் குழந்தைப் புத்தகம் ஒன்றைத் தங்கள் மொழியில் பெயர்த்தார்கள். 2016இல் அகராதி வெளியானபோது அதன் ஆசிரியர்களில் ஒருவராக முட்சுன் பெண்மணியின் பெயரும் அட்டையில் இருந்தது. தகவலாளி ஆசிரியர் ஆனார்.

இன்னொன்றும் அங்கே செய்தார்கள். பேசும் முதியவர் ஒருவராவது உயிரோடிருக்கும் சமூகங்களில், அவரோடு ஓர் இளைஞரை இணைத்தார்கள். இருவரும் வாரத்தில் பல மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். சமைக்கலாம், துணி துவைக்கலாம், கடைக்குப் போகலாம். ஆங்கிலம் மட்டும் கூடாது. நோட்டுப் புத்தகம் முக்கியமில்லை, பேச்சுத்தான் பாடம். வேலை செய்துகொண்டே ஏவலும் கேள்வியும் கேலியும் உள்ளே இறங்கிவிடும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். ஹாரிங்டன் எழுதியிராவிட்டால் முட்சுன் மொழி திரும்பியிருக்காது. எனவே ஆவணம் தேவை. ஆனால் அந்த மக்கள் கதவைத் தட்டாமல் இருந்திருந்தால், குறிப்பு குறிப்பாகவே கிடந்து மட்கியிருக்கும். எமனோ உருவாக்கிய கலிபோர்னியக் காப்பகத்தின் கதவு அந்த மக்களுக்குத் திறந்தது. அதே எமனோ எழுதிய கோத்தர், தோடர் நூல்களின் கதவு நம் மலை மக்களுக்கு எப்போது திறக்கும்? நமக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. கோத்தரும் தோடரும் இருளரும் இன்னும் தங்கள் மொழியைப் பேசுகிறார்கள். நாடாவிலிருந்து உயிர்ப்பிக்க வேண்டிய நிலை இங்கே வரவில்லை. பாட்டிகள் இருக்கும்போதே செய்ய முடியும்.

2024-25 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு, தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் ஆகிய மக்களின் மொழி வளத்தையும் ஒலிவடிவத்தையும் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் அந்தப் பணம் எந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போகிறது என்பதை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு குழு ஜீப்பில் போய், மூன்று நாள் ரெக்கார்டரை நீட்டி, ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக்கொண்டு திரும்பினால், ரிவர்ஸ் காலத்திலிருந்து நாம் ஓர் அடிகூட நகரவில்லை என்று பொருள்.

நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகளாக எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

முதலாவது, ரெக்கார்டர் அந்த ஊர் இளைஞர்கள் கையில் இருக்க வேண்டும். அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், ஆய்வாளர் என்ற பெயரும் ஆய்வாளருக்கான சம்பளமும் கொடுங்கள். பட்டப்படிப்பு இல்லை என்று தட்டிக் கழிக்க வேண்டாம். சுல்லியிடம் கற்றவர்கள்தான் பேராசிரியர்கள் ஆனார்கள். எதைப் பதிவு செய்வது, எதை வெளியில் காட்டுவது, எதைப் பூட்டி வைப்பது என்பதை ஊர் கூடி முடிவு செய்யட்டும். பதிவின் ஒரு படி எப்போதும் அவர்கள் ஊரிலேயே, அவர்கள் செல்போனில் கேட்கும்படி இருக்க வேண்டும்.

இரண்டாவது, பாட்டும் கதையும் மட்டும் போதாது. அடுப்படிப் பேச்சு, சண்டை, சந்தைப் பேரம், குழந்தையைக் குளிப்பாட்டும்போது சொல்வது, கேலி, சமாதானம் எல்லாம் பதிவாக வேண்டும். இதற்குப் பெண்களிடம் போக வேண்டும். பழைய ஆய்வுகளில் பெரும்பாலும் ஆண்கள் ஆண்களிடம் கேட்டார்கள். குழந்தைக்கு மொழி எந்தக் கையால் ஊட்டப்படுகிறதோ அந்தக் கை ஆவணத்தில் இல்லை.

மூன்றாவது, எழுத்து. தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் போதாதா என்று நம்மவர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். தோடர் மொழியில் மூன்று விதமான ரகர உருட்டொலிகள் உண்டு. கோத்தர் மொழியில் க என்பதை வல்லோசையாகச் சொன்னால் ஒரு சொல், மெல்ல அதிர்ந்து சொன்னால் வேறு சொல். நம் எழுத்து இதைக் காட்டாது. புள்ளி, கோடு சேர்த்துத் தமிழ் எழுத்தையே விரிப்பதா, வேறு எழுத்தா, புதிய எழுத்தா? முடிவு அவர்களுடையது. மொழியியலாளரின் வேலை ஒவ்வொரு வழியின் சாதக பாதகத்தை எடுத்துச் சொல்வதோடு முடிகிறது.

நான்காவது, பள்ளி. அரசியலமைப்பின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம், இயன்ற அளவு தாய்மொழியே பயிற்று மொழி என்கிறது. ஒடிசா 2006இலேயே பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கிக் காட்டியது. சமூகநீதியில் இந்தியாவுக்கே வழிகாட்டி என்று சொல்லும் தமிழ்நாட்டுக்கு இது முடியாதா? நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 1982இல் பாட்டிகளைக் கொண்டு மழலையர் கூடங்கள் தொடங்கித்தான் மொழியைத் திருப்பினார்கள். நம்மிடம் அங்கன்வாடிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த ஊர்ப் பாட்டி ஒருவருக்கு மதிப்பூதியம் கொடுத்து அங்கே உட்கார வைக்கப் பெரிய திட்டமெல்லாம் தேவையில்லை, மனம் தேவை.

ஐந்தாவது, நிலம். இதைக் கடைசியில் சொல்வதால் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். தோடர் மொழியில் எருமைக்கும் பால்மனைக்கும் புல்லுக்கும் இருக்கும் சொற்கள் அகராதியில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அந்தப் புல்வெளிகளில் தைலமரத்தையும் சீகை மரத்தையும் நட்டது அரசு. புல் போனது, எருமை குறைந்தது. எருமையைப் பார்க்காத குழந்தைக்கு எருமையின் பத்துப் பெயரை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? தேன் எடுக்கும் காட்டுக்குள் போக வனத்துறையிடம் கைகட்டி நிற்கும் குறும்பருக்குத் தேனீயின் பெயர்கள் எப்படி நிலைக்கும்? 2006 வன உரிமைச் சட்டத்தை ஒழுங்காக நடைமுறைப்படுத்துவதும் மொழிக் காப்புத்தான். காட்டைப் பறித்துக்கொண்டு அகராதியைக் கையில் கொடுக்கும் அரசை நாம் நம்பக் கூடாது.

கடைசியாக, இங்கிருக்கும் தோழர்களிடம் ஒரு வார்த்தை. ஒரு மொழியை விடுவதற்குத் தாய் தகப்பன் முடிவு செய்வது வெறுப்பால் இல்லை. "நான் பட்ட அவமானம் என் பிள்ளைக்கு வேண்டாம்" என்றுதான். பேருந்தில் தம் மொழியில் பேசினால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள், வேலைக்குப் போன இடத்தில் 'காட்டுவாசி' என்கிறார்கள். அதனால் குழந்தையிடம் தமிழில் பேசத் தொடங்குகிறார்கள். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. நம்மில் எத்தனை பேர் ஊரைவிட்டு நகரத்துக்கு வந்ததும் பேச்சை மாற்றிக்கொண்டோம்? சிரிக்கிறவர்களை நிறுத்துவதுதான் நம் வேலை. சாதி ஒழிப்புக்காரர்கள் வேறு எதைச் செய்கிறோம்?

ஆகவே மலைக்குப் போகும் தோழர்கள் பாட்டுப் பாடச் சொல்லி செல்போனை நீட்டுவதற்கு முன், அவர்கள் தங்களை என்ன பெயரால் அழைத்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். கோத்தர் தம்மைக் கோவ் என்கிறார்கள். நாம் வைத்த பெயர்தான் கோத்தர். பிறகு, உங்கள் மொழிக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்ற இடத்தில் தங்கள் மொழியின் பெயரையே எழுதச் சொல்லி ஊர் ஊராகப் போய்ச் சொல்வோம். கணக்கெடுக்க வருபவர் தானாகத் 'தமிழ்' என்று எழுதிவிட்டுப் போகாமல் அருகில் நின்று பார்த்துக்கொள்வோம். 10,000 பேர் என்ற வரம்பை நீக்கு என்று குரல் கொடுப்போம். தமிழ் தலைப்புக்குள் அடைத்திருப்பதை எடு என்று தமிழர்களே கேட்டால், இந்தியை எதிர்க்கும் நம் குரலுக்கும் இன்னும் வலு சேரும்.

ஜெய்பீம்.